தகப்பன் பெயர்

மரக்காணம் உப்பளத்தில் ஒன்றாக உப்பு வாரிய நாட்களில்தான் பாக்கியலட்சுமிக்கு ஜெயசீலன் பழக்கம். ஆறு வயதில் இலங்கையிலிருந்து படகேறி வந்து, அகதி முகாமிலேயே வளர்ந்தவன். பக்கத்து ஊர் அனுமந்தைக்காரியான அவள், வீட்டார் தடுத்தும் கேட்காமல் அவனைக் கட்டிக்கொண்டு முகாமுக்கே குடிவந்தாள். ஒரே மகள் பிரியதர்ஷினி பிறந்தது மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியில்.

பதினெட்டு வயதில் பிரியதர்ஷினி கடற்கரை வாலிபால் அணிக்குத் தேர்வானாள். போட்டி தாய்லாந்தில். பாஸ்போர்ட்டுக்குப் போனபோதுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். தகப்பன் சட்டவிரோதமாக வந்தவன். தாய் இந்தியக்காரியாக இருந்தாலும் மகள் குடிமகள் ஆகமாட்டாளாம்.

விஷயம் கேள்விப்பட்டு பாக்கியலட்சுமியின் அண்ணன் சேட்டு வந்தான்.

“புள்ளைக்கு அப்பன் யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடு. தெரிஞ்ச ஏஜெண்ட் இருக்கான், முடிச்சிடுவான்.”

ஜெயசீலன் தலை நிமிரவில்லை. “அண்ணன் சொல்றபடி செய், பாக்கியம். என்ர பேர் இல்லாட்டி என்ன? பிள்ளை போகட்டும்.”

பாக்கியலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கால் வெடிக்க வெடிக்க உப்பு வாரி அவள வளத்தது யாரு? நீதானேய்யா? ஒன்ன இல்லாத ஆளாக்கிட்டு வர்ற பாஸ்போர்ட்டு எனக்கு வேணாம்.”

அணி மகளில்லாமல் விமானம் ஏறியது. பிரியதர்ஷினி ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பாக்கியலட்சுமி அழவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. வானூரில் வக்கீல் விஜயலட்சுமியைப் போய்ப் பார்த்தாள்.

“பொண்ணுக்கு மட்டும் கேஸ் போட்டா சுலபம்,” என்றார் வக்கீல்.

“ரெண்டு பேருக்கும் போடுங்க மேடம். இந்த மண்ணுலயே வளந்த மனுஷன். சாகுற வரைக்கும் திருட்டுத்தனமா வந்தவன்னே சொல்லிக்கினு இருப்பாங்களா? சட்டப்படி இருக்க ஒரு வழி வேணும்.”

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அவள் பலமுறை பஸ் ஏறினாள். மூன்றாவது தடவை, கேட்காமலே பிரியதர்ஷினி பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் உத்தரவு வந்தது. குடியுரிமை கிடைத்துவிடவில்லை. ஆனால், சட்டவிரோதமாக வந்தவர் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஜெயசீலனின் குடியுரிமை மனுவையும் மகள் மனுவையும் அரசு தள்ளக் கூடாது, விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்றார் நீதிபதி.

வீட்டில் அதைக் கேட்ட ஜெயசீலன், “என்ர பேரையும் வாசிச்சவங்களோ?” என்று கேட்டான்.

“சத்தமா வாசிச்சாங்கப்பா,” என்றாள் பிரியதர்ஷினி.

மறுநாள் முகாமில் பக்கத்து வீட்டுக் கலையரசன், தன் பிள்ளைகளுக்கும் இப்படிக் கேட்க முடியுமா என்று தயங்கித் தயங்கி விசாரித்தான்.

“வாய்யா, திங்கக்கெழம வானூர் போலாம்,” என்றாள் பாக்கியலட்சுமி. “வேற யாரு வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லு.”