ஒரு மணி நேரப் புருஷன்

சலவைக்கூடத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். ஓட்டல் விரிப்போ ஆஸ்பத்திரிப் போர்வையோ, எதைக் கொடுத்தாலும் இஸ்திரிப் பெட்டி அவள் கையில் அப்படிப் பறக்கும். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வேலைக்கு வந்தாள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் வயிற்றில் மூன்றாவது.

அவளுக்கு வேண்டாம். போன பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள் அவள். ரத்தம் நிற்காமல் போய், விளக்கெல்லாம் மங்கிக்கொண்டே வந்தது அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புருஷனிடம் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்ததைப் போய் யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா? பேசாம இரு" என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது. குடிக்கிற ஆளில்லை, கை நீட்டுகிற ஆளில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அவனைப் பற்றி அவள் யாரிடம் போய்க் குறை சொல்ல முடியும்?

ஒரு ஆஸ்பத்திரியில் 'கலைக்கிறது பாவம்' என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். ஊரில் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அங்கே டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வாரத்துக்குள்ள பண்ணணும். தள்ளிப்போனா நான் தொடமாட்டேன். புருஷனைக் கூட்டிட்டு வா" என்றார்.

"சட்டத்துல புருஷன் வரணும்னு இல்லையாமே டாக்டர்?"

"சட்டம் கோர்ட்டுல இருக்கும்மா. இங்க நான்தானே இருக்கேன்? நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து கண்ணாடியை உடைச்சா, சட்டமா வந்து ஒட்டவைக்கும்?"

வேறு வழியில்லாமல் அவள் வேன்கார அண்ணனிடம் போய் நின்றாள். சலவை மூட்டைகளை ஏற்றி இறக்குகிறவர். கூடப் பிறக்காத குறைதான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு வருவார், முதலாளி கத்தினால் குறுக்கே விழுவார்.

"அண்ணே, ஒரு மணி நேரம் எனக்குப் புருஷனா வரணும்."

குடித்த டீ அவருக்குப் புரையேறிவிட்டது. "அடிப்பாவி! உங்க அண்ணி காதுல விழுந்தா என்னை வேனோட சேர்த்துக் கொளுத்திடுவா!"

விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிப்போனது. "உன் உடம்பு, உன் இஷ்டம். வந்து ஒரு தலையை ஆட்டிட்டுப் போறேன், அதுக்கென்ன? ஆனா வாய் தவறி அங்க அண்ணேன்னு கூப்பிட்டு மானத்தை வாங்கிடாதே" என்றார்.

அவருடைய சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள். காலர் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? புருஷன் மாதிரி தெரிய வேண்டாமா? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்!

டாக்டரம்மாவின் அறையில் நர்ஸ் வேன்காரருக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எடை பார்க்கிற மெஷின் பக்கத்தில் அவள் நின்றுகொண்டாள். டாக்டரம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "சொல்லுங்க சார், உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?"

தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த மனுஷனை அதுவரைக்கும் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, எதற்கும் சம்மதம் கேட்டதுமில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

பரவாயில்லை, நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இல்ல... ஒரு பிள்ளை இல்லாம எத்தனை பேர் ஏங்குறாங்க. இவ அவசரப்படுறாளோன்னு எனக்கு மனசு கேக்கல. வீட்டுல வச்சுப் பேசிட்டு, யோசிச்சுச் சொல்றோமே."

"நீங்களாவது பொறுப்பாப் பேசறீங்களே சார்" என்றார் டாக்டரம்மா.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. யார் வீட்டில்? யார் யோசிப்பது? "அண்ணே! என்னண்ணே பேசறீங்க?" என்று கத்திவிட்டாள்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணனா?" என்றார். அப்புறம் அவர் பேசியதெல்லாம் வராந்தா வரைக்கும் கேட்டது. நிஜப் புருஷன் இல்லாமல் இனி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பதில் முடிந்தது.

வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியமா தலையாட்டத்தான்மா வந்தேன். அவங்க என்னைக் கேட்டதும் என்னவோ... ஏதாவது சொல்லணும்னு தோணிடுச்சு. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் உங்ககிட்ட நல்லது கேட்கலையேண்ணே" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஏறி அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம் போனது. அடுத்ததும் போனது. புருஷன் வாய் நிறையச் சிரித்தான், தெரு விசாரித்தது. சலவைக்கூடத்தில் கனமான மூட்டையைத் தூக்க அவளை விடவில்லை. ராத்திரி படுத்தால் அந்த மங்கின விளக்குதான் வந்தது. பயமாக இருந்தது, வாய்விட்டு அழ வேண்டும்போல அவ்வளவு பயம்.

ஒருநாள் வேன்காரர் ஒரு பை நிறையப் பழங்களைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "பயப்படாதே. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நடக்கலேன்னா? என் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் அம்மாவா வர, யார்கிட்டப் போய்க் கேக்கிறது?"

வேனில் ஏற்ற வேண்டிய மூட்டைகள் இருந்தன. அவர் ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.