முதல் மொட்டை

பிறந்த குழந்தையின் தலைக்குள் நடப்பதை வெளிச்சம் போட்டுப் பார்க்கலாம் என்றால் செம்பனைத் தோட்டத்தில் யாரும் முதலில் நம்புவதில்லை. ரோகினி கைவிளக்கை எடுத்துத் தன் உள்ளங்கைக்கு அடியில் வைத்துக் காட்டுவாள். விரலோரங்கள் சிவப்பாக ஒளிரும். சதைக்குள் வெளிச்சம் போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்பாள்.

குழந்தையின் தலையில் மாட்டும் குல்லாவில் பதித்திருக்கும் சிறு விளக்குகளும் அதைத்தான் செய்கின்றன. கண்ணுக்கு எட்டாத ஒரு சிவப்பு மண்டைக்குள் போய், வளைந்து திரும்பி, இரண்டு விரற்கடை தள்ளியிருக்கும், ஒளியை அளக்கும் பொத்தானில் விழும். அம்மாவின் குரல் கேட்டதும் காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதிக்குப் புது ரத்தம் பாயும். புது ரத்தம் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு. அந்த வித்தியாசம் திரையில் ஒரு கோடாக எழும்பும்.

ரோகினி பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ரஹாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது அவளைச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஆய்வுக்கூடம். வேனில் கருவியை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவதும், தாய்மார்களிடம் பேசி ஆய்வில் சேர்ப்பதும், குழந்தைகளுக்குக் குல்லா மாட்டுவதும் அவள் வேலை.

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த மோகனாவை அப்படித்தான் சேர்த்தாள். மோகனாவின் மகள் நாள் நிறையுமுன் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவள். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா, கைகால் சரியாக வருகிறதா என்று இரண்டு வயது வரை பார்த்து, பிசகு தெரிந்தால் உடனே பயிற்சி கொடுக்க ஆய்வில் ஆள் இருந்தது. வேன் வாசலுக்கே வரும். பெரிய மருத்துவமனைக்கு என்றால் அவள் கணவன் புனிதன் தான் ஓட்டும் செம்பனைக் குலை லாரியை நிறுத்திவிட்டுக் கூட்டிப் போக வேண்டும். அடிக்கடி நிறுத்தினால் லாரி வேறு ஆளுக்குப் போய்விடும். ஆய்வில் பெயர் நிலைக்க ஒரே நிபந்தனை, திரையில் கோடு வர வேண்டும்.

வரவில்லை. குழந்தைக்குப் பிறவியிலேயே லாலான் புல் மாதிரி அடர்ந்த கறுப்பு முடி. கறுப்பு ஒளியை விழுங்கிவிடும். முடி விழுங்கியது போக மிச்சத்தில் தோலின் கறுப்பும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ரோகினி மெல்லிய குச்சியால் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்படியே பட்டியலிலிருந்து போயிருந்தார்கள். இன்னொரு முறை பார், அதிலும் வராவிட்டால் எடுத்துவிடலாம் என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டர் யோகேந்திரன்.

மொட்டை போடச் சொன்னது ரோகினிதான். மோகனா மகளின் முடியை விரலால் கோதினாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, முதல் முடி உனக்குத்தான் என்று பத்துமலை முருகனிடம் வேண்டியிருந்தாள்.

லாரி டயரைக் கழுவிக்கொண்டிருந்த புனிதன் நிமிர்ந்தான். "சாமிக்கு முன்னாடி மிஷினுக்கா மொட்டை போடப் போற?"

"மிஷின் பாக்கலைன்னா யாரு பாக்கறது? நீங்க லாரிய விட்டுட்டு வருவீங்களா?"

அவன் மறுபடி டயருக்குக் குனிந்துகொண்டான்.

"ரெண்டாவது முடிய சாமிக்குக் குடுக்கலாம்லா," என்றாள் ரோகினி. அதை நம்பித்தான் சொன்னாள்.

அடுத்த முறை மொட்டைத் தலையில் குல்லா பொருத்தமாக உட்கார்ந்தது. மோகனா மகளின் காதோரம் குனிந்து "அம்மாடி" என்றாள். ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம் கழித்துச் சிவப்புக் கோடு மெல்ல ஏறியது. ரத்தம் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும் என்று ரோகினி விளக்கினாள். மோகனா மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஏறியது. அன்று லயம் முழுக்க அதே பேச்சு.

மறுவாரம் யோகேந்திரன் ரோகினியை அறைக்குக் கூப்பிட்டுப் பொறுமையாகவே சொன்னார். இதே ஆய்வு வேறு இரண்டு நாடுகளிலும் நடக்கிறது, அங்கே எந்தக் குழந்தைக்கும் மொட்டை போடவில்லை. மொட்டைத் தலையில் கோடு பெரிதாகத்தான் தெரியும். அதை முடியுள்ள பிள்ளைகளோடு வைத்து ஒப்பிட்டால் பொய்யாகிவிடும். கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கும் வெளிநாட்டுக் குழு மோகனாவின் மகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ரோகினிக்கு அது புரிந்தது. புரிந்ததால் சண்டை போடவும் முடியவில்லை.

"முடியோட இருந்திருந்தா?"

"சிக்னல் வீக்னு எடுத்திருப்பாங்க."

அவள் வெளியே போகாமல் நின்றாள். யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஷின் வந்த அன்னிக்கு என் தலையிலதான் முதல்ல மாட்டிப் பார்த்தேன். ஒண்ணும் வரலை."

அவர் முடியும் கறுப்பு, தோலும் ரோகினியின் அப்பாவுடையதைப் போலக் கறுப்பு.

"தெரிஞ்சேதான் எங்களத் தோட்டத்துக்கு அனுப்பினீங்களா டாக்டர்?"

தோட்டத்துப் பிள்ளைகள் என்று விண்ணப்பத்தில் எழுதியதால்தான் கருவியே கிடைத்தது என்றார். கையில் வந்த பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாராம். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு வேன் அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை.

மறுநாள் ரோகினி தன் சொந்தக் காடியை ஓட்டிக்கொண்டு லிங்கிக்குப் போனாள். மோகனாவின் வாசலில் அதே லயத்துப் பஞ்சாலை என்பவளும் இன்னொரு பெண்ணும் மடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்பு கோடு வராமல் பெயர் போன பிள்ளைகள். இரண்டு தலையும் அன்று காலை சிரைத்து, சந்தனம் பூசி, ஈரமாக மின்னின.

"வேன் எங்க மிஸ்ஸி?" என்றாள் மோகனா. "நம்ம புள்ளைக்கு வந்ததப் பாத்து இவங்களும் போட்டுட்டாங்க."

ரோகினி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒளியை முடி எப்படி விழுங்குகிறது, ஒப்பிடுவதென்றால் என்ன, மொட்டைத் தலை ஏன் கணக்கில் சேராது, இனி வேன் ஏன் வராது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எப்போதும் போல நன்றாகவே விளக்கினாள். கேட்ட மூவருக்கும் புரிந்தது.

"அப்ப முடி இருந்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு," என்றாள் பஞ்சாலை. "எங்க புள்ளைங்க தலைதான் தப்புங்கறீங்க."

ரோகினி வாயைத் திறந்தாள். அதற்கும் அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது.

மோகனா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நீங்க கெளம்புங்க மிஸ்ஸி. வெயில் ஏறுது. புள்ளைங்களுக்கு மண்டை சுடும், உள்ள கொண்டு போகணும்."