தனிக்குடித்தன வில்லன்

ஆபீஸில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சந்தேகம்’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

எங்கள் கம்பெனி சூப்பர் ஹீரோ படம் எடுக்கிற கம்பெனி. ஒரு படத்தில் பறக்கிறவன் இன்னொரு படத்தில் வேறொருவன் கல்யாணத்துக்கு வந்து நிற்பான். அந்தப் படத்தில் ஒருத்திக்குக் கண் போனால் அடுத்த படத்தில் அவள் கண்ணாடி பார்த்துத் தலை சீவக் கூடாது. யார் செத்தார், யார் யாருக்குத் தம்பி, யாருக்கு எந்தத் தோளில் காயம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என் வேலை. கன்டினியூட்டி என்பார்கள். நான் கூட்டுக் குடும்பம் என்பேன். இத்தனை பேர் ஒரே வீட்டில் இருந்தால் குற்றம் கண்டுபிடிக்க ஒரு மாமியார் வேண்டும் அல்லவா, அது நான்தான்.

என் கணவர் எடுத்தது தனிக்குடித்தனம். அதே கம்பெனி, ஆனால் தனிப் படம். ஹீரோ கிடையாது, பறக்கிறவர்கள் கிடையாது, வில்லன் மட்டும். அவன் பெயர் தணல். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன். ஒரு கட்டடம் ஆபத்தானது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அது எரிந்தபோது உள்ளே போய் வெறுங்கையால் ஆட்களை இழுத்துப் போட்டவன். பிறகு புத்தி பேதலித்து, அவனே ஊரை எரிக்கக் கிளம்புகிறான். கடைசியில் அவன் பற்ற வைத்த கட்டடமே அவன்மேல் இடிந்து விழுகிறது. அத்தோடு படம் முடிகிறது.

தணலாக நடித்தவன் என் அண்ணன்.

அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவன் ஏற்கெனவே எங்கள் கூட்டுக் குடும்பத்தில் வாக்கப்பட்டு வதைபட்டவன். ஏழு வருடம் இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு பறக்கிறவனுக்குப் பின்னால் நின்றான். படத்துக்கு ஒரு வசனம். ஆனால் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், வேறு படம் ஒத்துக்கொள்ளக் கூடாது, முடிகூட அவன் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. அவன் மகள் நடக்கப் பழகியதை அவன் போனில்தான் பார்த்தான். அதிலிருந்து கம்பெனி நம்பரிலிருந்து போன் வந்தாலே எடுக்கமாட்டான்.

அதனால் வக்கீலை வைத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். தணல் செத்துப்போனால் அண்ணனுக்கும் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா, எதிர்ப்பக்கம் அவர்களும் ஒரு வரி சேர்த்தார்கள். படம் முடியும்போது தணல் உயிரோடு இருந்தால், அவர்கள் கூப்பிடும் படத்துக்கெல்லாம் அண்ணன் வர வேண்டும்.

“சாவுறான்ல?” என்று இவரிடம் கேட்டான் அண்ணன்.

“சாவுறான் மச்சான்.”

“பொணத்தைக் காட்டு.”

“பத்து மாடி விழுது. பொணத்தை எங்கேருந்து காட்டுறது? அசிங்கமா இருக்கும்.”

“எனக்கு அசிங்கமா இருந்தாத்தான் நிம்மதி மாப்ள. உங்க ஆளுங்க செத்தவனையே வருஷத்துக்கு ரெண்டு தடவை எழுப்புறவங்க.”

இவர் சட்டென்று என் தலையில் கையை வைத்தார். “உங்க தங்கச்சி மேல சத்தியம். தணல் செத்துட்டான். போதுமா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். அப்போது எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை, அதுதான் வேடிக்கை.

படப்பிடிப்பு முடிந்தது. அண்ணன் தாடியை மழித்தான். மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டான். ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்து, பத்துப் பேர் பார்க்கிற நாடகத்தில் போஸ்ட்மேனாக நடித்தான். போஸ்ட்மேனுக்கு நிறைய வசனம் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

எங்கள் ஆபீஸில்தான் காற்று மாறியது. கூட்டுக் குடும்பத்தின் அடுத்த பெரிய படத்துக்கு வில்லன் கிடைக்கவில்லை. இருந்த வில்லன்களை எல்லாம் அவசரப்பட்டுக் கொன்று தீர்த்திருந்தார்கள். கதை பேசுகிற அறைக்குள் நான் நுழைந்தால் வெள்ளைப் பலகையை ஒருவர் திருப்பி வைத்தார். “என்ன அது?” என்றால், “மதியச் சாப்பாட்டு லிஸ்ட்” என்றார். சாப்பாட்டு லிஸ்டை யாராவது சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்களா? உடை அறையில் தணலின் கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்பறைக்கு அனுப்புவதாக இருந்தது. அது போகவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. செத்தவன் கோட்டை எதற்கு இஸ்திரி போடுகிறீர்கள் என்று கேட்டேன். தையல்காரம்மா திருட்டு முழி முழித்தாள்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கம்பெனி ஏதோ செய்கிறது. இவருக்குத் தெரியாமல் இவர் படத்தில் கை வைக்கப் போகிறது. பாவம் மனுஷன், ஒன்றும் தெரியாமல் எடிட்டிங் அறையில் கிடக்கிறாரே என்று எனக்கு இவர்மேல் அப்படியொரு இரக்கம்.

வீட்டில் சொன்னேன். “உங்க படத்துக்கு வால் ஒட்டப் போறாங்கன்னு நினைக்கிறேன்.” பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு அடுத்த படத்துக்கு ஆசை காட்டி ஒரு துண்டு வருமே, அதற்கு ஆபீஸில் வால் என்று பெயர்.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அப்படியெல்லாம் இருக்காது. அவங்களும் பாவம்தானே.”

அவங்களும் பாவமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து கம்பெனியைத் திட்டாமல் இவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் இவருக்கு ஒரு விரல் சரியில்லாமல் இருந்தது. அண்ணன்தான் காரணம். ஒருநாள் இவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பார்க்காமல் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டான். இடது மோதிர விரல் நசுங்கியது. நான்தான் கட்டுப் போட்டேன். நகம் கறுத்து, பிறகு உதிர்ந்து, அடியில் புதிதாகப் பாதி நகம் முளைத்தது. அண்ணன் துடித்துப்போனான். களிம்பு வாங்கி வந்தான். தினமும் போன் செய்து, “நகம் எப்படி இருக்கு மாப்ள, வலி விட்டுடுச்சா?” என்று விசாரிப்பான். இவர், “அட விடுங்க மச்சான்” என்பார்.

ஒரு சாயங்காலம் இவர் வரும்போது அந்தப் புது நகத்தைச் சுற்றி ஒரே கரி. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“எடிட்டிங் ரூம்ல கரி எங்கேருந்து வந்தது?”

“டயர் மாத்தினேன்.”

“எந்த டயர்?”

“வண்டியோட டயர்தான். வீட்லயும் கன்டினியூட்டி பாக்காத தாயே.”

சிரித்துவிட்டேன். போய் வண்டியைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயரிலும் ஒரே மாதிரி தூசி படிந்திருந்தது. பார்த்தேன், திரும்பி வந்தேன், படுத்துவிட்டேன். வெளியில் யாரையும் விடாமல் சந்தேகப்படுகிறவளுக்கு வீட்டுக்குள் அது நொண்டி அடித்தது.

இதற்கிடையில் அண்ணனுக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே ஏதோ வதந்தி கேட்டிருக்கிறான். “தணலைச் சேர்க்கிறதா இருந்தா உன்னைத்தானே முதல்ல கேப்பாங்க?” என்றான்.

“ஆமா. என் கையெழுத்து இல்லாம யாரும் உள்ள வர முடியாது.”

“கேட்டாங்களா?”

“என்னைக் கேக்கல.”

“கேட்டிருந்தாலும் நீ சொல்லமாட்ட. உனக்கு வேலை முக்கியம்.”

“நீ என் கூடப் பிறந்தவன்தானா?” என்று கத்திவிட்டேன். போனை வைத்துவிட்டு அழுதேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவினார். கரி அப்போது போயிருந்தது.

நிருபர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் படத்தைப் போட்டுக் காட்டிய நாளில் நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நடுவில் நான். படம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் கண்ணாலேயே நடித்திருந்தான். கட்டடம் விழுந்தது. புகை. சத்தமில்லாத திரை. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அண்ணன் பெரிதாக மூச்சு விட்டு என் கையைப் பிடித்தான்.

“செத்துட்டேன்” என்றான், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. “வா, போலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கும் போடவில்லை. கம்பெனி ஆட்கள் எல்லாரும் எங்கள் பக்கம் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

“ஏன் எல்லாரும் உக்காந்திருக்காங்க?” என்றான் அண்ணன்.

திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. அதே இடிபாடு. பறக்கிறவனின் சிவப்புக் காலணி தரையில் வந்து இறங்கியது. செங்கல் அசைந்தது. கரி படிந்த ஒரு கை வெளியே வந்து, விரல்களை மெல்ல மடக்கியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அண்ணன் என் கையை விட்டான். திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். “நீயா?” என்றான். நான் திரையில் அந்த மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் இருந்த சின்ன அறையில் முதலாளியம்மாவும் அவர் வக்கீலும் காத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் போனோம். முதலாளியம்மா அண்ணனிடம் கையை நீட்டினார். அண்ணன் கை கொடுக்கவில்லை.

“அந்தக் காட்சியில நான் நடிக்கவே இல்ல” என்றான். “என் பொண்ணுகிட்ட இனிமே எங்கேயும் போகமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“நீங்க நடிச்சீங்களாங்கிறது பேச்சே இல்ல சார்” என்றார் வக்கீல். “தணல் உயிரோட இருக்கானாங்கிறதுதான். இருக்கான்.”

“அதை இவங்க சொல்லணும்” என்று முதலாளியம்மா என்னைக் காட்டினார். “சம்பிரதாயம்தான். அது தணல்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

இவர் என் அருகில் வந்து காதோரம் பேசினார். “பெரிய படத்தை எனக்குத் தர்றாங்க. ஒரே ஒரு கைதானே. மச்சானுக்கும் நல்லதுதான், காசு வரும். அப்புறம் நான் சமாதானம் பண்ணிக்கிறேன். எனக்காகப் போடு.”

எனக்காக என்றார். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது அண்ணனுக்காக. அவமானத்தில் எனக்குக் காது சூடேறியது. இரண்டு மாதமாக இந்த மனுஷனுக்காகக் கம்பெனியில் எத்தனை பேரை முறைத்தேன்! அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன் என்று முடிவே கட்டியிருந்தான்.

“அந்த வாலை இன்னொரு தடவை போடுங்க” என்றேன்.

அறையில் இருந்த டிவியில் போட்டார்கள். கை வெளியே வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

“தணலுக்கு நகம் கிடையாது” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் புரிந்தது, சுவரிலிருந்து நிமிர்ந்தான். முதல் தீயில் ஆட்களை இழுத்தபோது தணலின் பத்து நகமும் போய்விட்டது. மேக்கப்காரர் தினமும் காலையில் அண்ணனின் விரல்களில் தோல் மாதிரி ஜவ்வு ஒட்டுவார். அந்த மேக்கப்காரர் அண்ணனுக்கு நெருங்கிய சிநேகிதர். அவரைக் கூப்பிட்டால் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விடும். அதனால் கைக்குச் சொந்தக்காரரே ஏதோ பசையைத் தடவிக் கரியைப் பூசிச் சமாளித்திருக்கிறார். விரல் மடங்கும்போது ஒரு விரலில் மட்டும் பசை உரிந்துவிட்டது.

“பாருங்க. மோதிர விரல். பாதி நகம் இருக்கு.”

வக்கீல் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். “கிராபிக்ஸ்ல அழிச்சிடலாம்” என்றார்.

“வெளிய அத்தனை நிருபர்களும் பாத்தாச்சு. இன்னைக்கே எழுதுவாங்க. நாளைக்கு நகத்தைக் காணோம்னா என்னைத்தான் கிழிப்பாங்க. இது தணலோட கை இல்ல. தணல் செத்துட்டான். கையெழுத்து அப்படின்னா போடுறேன், இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க.”

முதலாளியம்மாவும் நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப்போட்டு அந்த விரலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு அண்ணனும் ஒன்றுதான், இன்னொருவனும் ஒன்றுதான் போலிருக்கிறது. “சரி, இடிபாட்டுல வேற எவனோ இருந்தான்னு வெச்சுக்கலாம்” என்றார். “புது ஆளைப் போட்டா இன்னும் மலிவு. ஆனா வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதவர்கிட்ட பெரிய படத்தை எப்படிக் குடுக்கிறது?” இவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு எழுந்து போனார். வக்கீலும் போய்விட்டார்.

அண்ணன் என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. “உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே பாப்பா” என்றான். பிறகு டிவியைப் பார்த்தான். “அப்ப அது யாரு கை?”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இவரைக் காப்பாற்றத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் இடது கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அண்ணன் அதைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தான். திட்டுவான், அடிப்பான் என்று நான் பயந்தேன். அவன் குரலை உயர்த்தக்கூட இல்லை. தினமும் போனில் கேட்கிற அதே அக்கறையோடு கேட்டான்.

“நகம் வலி விட்டுடுச்சா மாப்ள?”