விழுந்தவனைத் தாங்கிய கயிறு

"உரிமத்துலேருந்து என் பேரை எடுத்துடுங்க, முதலாளி."

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று நஜ்லாவிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். சொந்த ஊரான சிலியானாவில் கொத்து வேலை பார்க்கும் அப்பா சொன்னார். கூடப் படித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்கும் தோழிகள் சொன்னார்கள். மரம் கழிக்கும் கம்பெனிக்கு உரிமம் வேண்டுமென்றால் விவசாய எஞ்சினியர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். முதலாளி லஸ்ஸாத் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். அதனால் உரிமத்தில் நஜ்லா பேர். பேர் இருக்கும்வரை வேலை.

லஸ்ஸாத் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை மென்றபடி நிமிர்ந்தார். "காலங்காத்தால விளையாடாதே பொண்ணே. வண்டி கிளம்பணும். இன்னிக்கு வேலைச் சீட்டுல கையெழுத்தைப் போடு."

"அந்தக் கயித்தை வெட்டாம போட மாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேன்."

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ரம்பங்களும் தலைக்கவசங்களும் ஏற்றியாகிவிட்டன. மரம் ஏறும் ஷாத்லி பின்பலகையில் உட்கார்ந்து, இடுப்புவாரில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். முந்தாநாள் பள்ளிக்கூடத்து யூகலிப்டஸில் கிளை முறிந்து அவர் விழுந்தபோது இழுத்துப் பிடித்தது இந்தக் கயிறுதான். விழுந்தவனைத் தாங்கிய கயிற்றை அன்றைக்கே வெட்டிப்போட வேண்டும், மறந்துபோய்க்கூட யாரும் அதில் ஏறிவிடக் கூடாது என்பது விதி. ஷாத்லி அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி நாரத்தைப் பூ நீர் தெளித்து, ஐவிரல் தாயத்து ஒன்றை முனையில் கட்டி அனுப்பியிருந்தாள்.

"அவனையே கேளு," என்றார் லஸ்ஸாத். "புதுசு வாங்கித் தரேன்னாலும் அவனுக்கு வேண்டாமாம். ஆளையே தாங்கிச்சு, அதைவிட என்ன பரீட்சை வேணும் ஒரு கயித்துக்கு?"

நஜ்லா முற்றத்துக்கு வந்தாள். "அண்ணே, அதைக் கழட்டு."

"என் உயிரைப் பிடிச்ச கயிறு தங்கச்சி இது. புதுசு பிடிக்குமோ விடுமோ, யாருக்குத் தெரியும்?"

"ஒரு தடவை பிடிச்சதுலயே அது செத்துப்போச்சு. இங்க தொட்டுப் பாரு." அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. அழுத்தியபோது மட்டும் காலிக் குடல்போல அமுங்கியது.

ஷாத்லி விரலை இழுத்துக்கொண்டார். "எனக்குந்தான் விலா அமுங்கிக் கெடக்கு. என்னையும் தூக்கிப் போட்டுடுவியா?"

டிரைவர் ஹெடி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "எஞ்சினியரம்மா கயித்துக்குச் சாவுச் சான்றிதழ் குடுக்கறாங்கடா! ஜனாஸா எப்போ?"

எல்லோரும் சிரித்தார்கள். நஜ்லா லாரியிலிருந்து கைரம்பத்தை எடுத்தாள். அவர் இடுப்புவாரிலிருந்து கயிற்றைக் கழற்றிப் பலகைமேல் வைத்து முழங்காலால் அழுத்தி, அமுங்கிய இடத்தில் அறுத்தாள். நாலு இழுப்பில் துண்டாகிவிட்டது. உள்ளே இருந்த வெள்ளை இழைகள் முந்தாநாளே அறுந்துபோய், வெட்டிய வாய்க்கு வெகு உள்ளே தள்ளி, கருகிய மயிர்போலச் சுருண்டு கிடந்தன. தாயத்தை மட்டும் அவிழ்த்து ஷாத்லியின் மடியில் வைத்தாள்.

சிரிப்பு நின்றது. ஷாத்லி தாயத்தை இறுக்கிப் பிடித்தார். "இன்னிக்குக் கூலியை யாரு குடுப்பா? நீயா? வீட்டுல நாலு வாய் இருக்கு."

நஜ்லா கயிற்றின் வாயை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இதுல தொங்கி நீ செத்தா அந்த நாலு வாய்க்கு யாரு போடுவா? புதுக் கயிறு கேளுண்ணே. அவரைக் கேளு. என்கிட்ட கத்தாதே."

எல்லோர் கண்களும் ஆபீஸ் வாசலுக்குப் போயின. லஸ்ஸாத் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உங்கப்பன் போன்ல அழுதான்னுதான் உன்னைச் சேர்த்தேன். ஒரு மரம் ஏறியிருப்பியா நீ?"

"அழுதது அவரு. பேரு என்னோடது. ஷாத்லி அண்ணன் செத்தா உள்ளே போறதும் நான்தான், நீங்க இல்ல. நீங்க எடுக்கலைன்னா என்ன, உரிம ஆபீசுக்கு நானே போறேன். புதுப் பேர் விழுற வரைக்கும் இந்த வண்டி மரத்துக்கிட்டப் போகக் கூடாது."

"போ. இந்தத் தொழில்ல இனி எவன் உன்னை வாசல்ல நிக்க விடறான்னு பாக்குறேன்." அவர் வெளிக்கதவுப் பக்கம் கையை நீட்டினார். "எஞ்சினியருக்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

கதவோரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, வெயிலுக்கு முன்பே வியர்த்திருந்த நெற்றி. பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மார்போடு பிடித்திருந்தாள். நேற்று சாயங்காலம் நஜ்லா கையெழுத்துப் போட மறுத்த கையோடு அவளுக்குப் போன் போயிருக்க வேண்டும்.

நஜ்லா கயிற்றின் இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் எழுந்து வழிவிட்டாள்.

"அக்கா, இங்கதான் எஞ்சினியர் எடுக்கறாங்களா?"

"எஞ்சினியர் இல்ல. பேரு எடுக்கறாங்க."

அந்தப் பெண் புரியாமல் கயிற்றைப் பார்த்தாள். உள்ளேயிருந்து லஸ்ஸாத்தின் குரல், காலையிலிருந்து அவரிடம் இல்லாத மரியாதையோடு வந்தது. "வாங்க மேடம், வாங்க. காப்பி சாப்பிடறீங்களா?"

அவள் சட்டையை நீவிக்கொண்டு உள்ளே போனாள். நஜ்லா திரும்பிப் பார்க்கவில்லை. உரிம ஆபீஸ் பக்கம் போகும் பஸ் தெருமுனையில் திரும்பியது. அவள் சாலையில் இறங்கிக் கையை நீட்டினாள்.