குதிரைகள் தோண்டும் தண்ணீர்

வேதாரண்யத்தில் உப்பளங்கள் தொடங்கியதும் ராமாமணி கணவரின் முகத்தைப் பார்த்தாள். திருமலைசாமி சாலையைப் பார்த்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்துத் துளையை மறைத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி மட்டும் மூச்சுக்கேற்ப அசைந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் மாதம், பம்புக் கம்பெனி ஜீப்பில் இதே சாலையில் வந்தார்கள். உப்பளத்து மோட்டார் ஒன்றைச் சரிசெய்ய வந்தவர், புது மனைவிக்குக் கடல் காட்டலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து கூட்டி வந்திருந்தார். அன்று இந்த இடத்தில் பேச ஆரம்பித்தவர்தான். கடல்நீரை ஏன் பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள், சுண்ணாம்பு முதலில் படிந்து உப்பு ஏன் பிறகு படிகிறது, பூநாரைக்குச் சிவப்பு எந்தத் தீனியிலிருந்து வருகிறது என்று ஒன்று விடவில்லை. "ஏனுங்க, சித்த நேரம் சும்மா வாங்களே, காது நோவுது" என்றாள் இவள். இரண்டு நிமிஷம் அமைதியாக இருந்துவிட்டு, காது எப்படி நோகிறது என்று விளக்கத் தொடங்கினார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். அதைத் தொண்டையில் அழுத்தினால் அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் சொல்லாக்கிக்கொள்ளும். ஏற்றம் இறக்கம் இருக்காது, எல்லாச் சொல்லும் ஒரே கம்பியில் வரும். வீட்டுக்கு வந்த அன்று அதை வைத்து "கண்ணு, வா" என்றார். பேத்தி ஹாரிகா அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அன்றைக்குக் கருவி அலமாரிக்குள் போனதுதான். அதன்பின் எல்லாமே செல்போனில் எழுதிக் காட்டுவதுதான்: "காபி", "மாத்திரை", "சரி". ஒரு சொல்லுக்கு மேல் எழுதுவதில்லை. நாற்பது வார்த்தையில் சொல்லவேண்டியதை நாற்பது நிமிஷம் சொல்லும் மனுஷன் ஒரு சொல்லாகச் சுருங்கிப்போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோடியக்கரை போகலாமுங்க என்று ஒரு வாரம் நச்சரித்து அவள் கிளப்பிக்கொண்டு வந்தது அதனால்தான்.

சரணாலயத்தில் வழிகாட்டியாக வந்த உமர் பாரூக்குக்கு நாற்பது வயதிருக்கும். புல்வெளியில் வெளிமான்களைக் காட்டிவிட்டு, மணல்மேட்டுக்குக் கூட்டிப்போய் விரலை உதட்டில் வைத்தார். கீழே ஐந்து காட்டுக் குதிரைகள். ஒன்று முன்னங்காலால் மணலைப் பறித்துக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கும்மா. கடல் அந்தா இருக்கு, ஆனா இந்தக் குழியில நல்ல தண்ணி வரும். எப்புடின்னுதான் எனக்கும் தெரியல."

ராமாமணி ஓரக்கண்ணால் பார்த்தாள். திருமலைசாமியின் கை தானாக உயர்ந்து, பாதியில் நின்று, இறங்கியது.

"அது ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றாள். "மணலு டீ வடிகட்டியாட்டம். கடல் தண்ணி அதுல வாரப்ப உப்பெல்லாம் மேல நின்னுக்கும்."

"அப்படிங்களா!"

திருமலைசாமி அவள் முழங்கையைத் தட்டினார். அவள் திரும்பவில்லை.

"ஆமாங்க. எங்க ஊட்டுக்காரரு பம்பு மெக்கானிக்கு. அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

செல்போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். எட்டு மாதத்தில் முதல்முறையாக நாலைந்து வரி எழுதியிருந்தார். எல்லா எழுத்தும் கலங்கலாகத் தெரிந்தது.

"கண்ணாடி இல்லாம எனக்கு என்னங்க தெரியும்? கைப்பையில கெடக்குது, எடுங்க" என்று பையை அவரிடம் தள்ளிவிட்டு, "ஆழமாத் தோண்டத் தோண்ட இன்னும் இனிப்பா வருமுங்க" என்று பாரூக்கிடம் தொடர்ந்தாள்.

ஜிப் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கூட்டின் மேலேயே அந்தக் கருவியை வைத்திருந்தாள். ராத்திரி லாட்ஜில் சார்ஜ் போட்டதும் அவள்தான். அவர் தன்னையே பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. அவர் கருவியை விட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்து நீட்டிவிட்டால் முடிந்தது கதை. இனி எந்த ஊருக்குக் கூட்டிப்போயும் பயனில்லை. அவள் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகரத்தில் வண்டு முட்டுவதுபோல் ஓர் அதிர்வு. பாரூக் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன். அம்மணி. பொய். சொல்றே."

"தப்புன்னா நீங்களே சொல்லுங்க."

"மணல். உப்பை. வடிகட்டாது. இது. மழைத் தண்ணி. லேசு. உப்புத் தண்ணி. கனம். அதுமேல. மெதக்குது. ஆழமாத். தோண்டுனா. உப்புத்தான். வரும்."

"அட, அதான் சார் இதுங்க ஒரு முழத்துக்கு மேல தோண்டுறதில்ல!" என்றார் பாரூக்.

திருமலைசாமி தொண்டையிலிருந்து கருவியை எடுக்கவில்லை. கிணற்று மோட்டாரை வேகமாக ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு எப்படி மேலே ஏறும் என்பதற்குப் போய்விட்டார். மற்ற கை, பழையபடி, காற்றில் கிணறு வரைந்துகொண்டிருந்தது.

கீழே ஐந்து குதிரைகளும் தலை தூக்கின. பத்துக் காதுகள் மணல்மேட்டின் பக்கம் திரும்பி அசையாமல் நின்றன. ஓடவில்லை. சிறிது நேரம் கேட்டுவிட்டு, தோண்டிய குதிரை குழிக்குள் முகத்தை இறக்கியது. மற்றவை காதுகளை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு தம் முறைக்காகக் காத்திருந்தன.