கிளேட்டன் ஷப்பின் துப்பாக்கி துளிர்த்த வருஷம்

அது ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா என்பது எனக்கு உறுதியில்லை. முழங்கால் வரை பனி கிடந்ததாக நான் நினைக்கிறேன். கணுக்கால் வரைதான் என்கிறான் டெல்பர்ட். என் நினைவை நம்பி எதையும் அழுத்திச் சொல்கிறவன் அல்ல நான். ஆனால் கிளேட்டன் ஷப்பின் துப்பாக்கி அந்த நவம்பரில் பதினோரு முறை இலை விட்டது. அதில் எங்கள் ஊரான ஹெம்லாக் ரன்னில் யாருக்கும் சந்தேகமில்லை.

இங்கே நவம்பர் கடைசி வியாழனில் வரும் நன்றி நாள் பண்டிகை கழிந்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடம் கிடையாது, பல் வைத்தியரும் காட்டில்தான் இருப்பார். நாங்கள் ஆறு பேர் மலைமேல் ஒரு தகரக்கூரைக் குடிலில் தங்குவோம். சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தை ஒரு சாண் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். சுவரில் தொங்கிய இருபத்துமூன்று துணிகளில் பதினேழு கிளேட்டனுடையவை. அவன் மனைவி ஆர்வில்லாவின் அண்ணன் டெல்பர்ட்தான் குடிலுக்குத் தலைவன், ஒருமுறைகூடத் தவறவிடாதவன். பதினெட்டாவது துணி விழுந்தால் கிளேட்டன் இனி காட்டுக்குள் உட்காரக் கூடாது, அடுப்போடு இருக்க வேண்டியதுதான் என்று டெல்பர்ட் தீர்த்துச் சொல்லியிருந்தான். கிளேட்டனுக்கு மர ஆலையில் வேலை. வருஷம் முழுக்க ரம்பச் சத்தம். ஒரு மரத்தடியில் யாரும் பேசாமல் விடிகிற அந்த ஒரு திங்கட்கிழமைக்காகத்தான் அவன் மற்ற நாட்களைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

அதனால் அவன் வேறு துப்பாக்கி வாங்கப் போனான். மெர்ல் ஹெய்ன்ஸின் இரும்புக்கடையில், விளக்குமாறுகளுக்குப் பக்கத்தில், பல தேசத்துப் பட்டாளங்கள் கழித்துக்கட்டிய துப்பாக்கிகள் ஒரு பீப்பாயில் செருகிக் கிடக்கும். கிளேட்டன் எடுத்தது பீச் மரக்கட்டை போட்ட மௌசர். பழம் தருகிற மரமல்ல, மான்கள் தேடித் தின்னும் முக்கோணக் கொட்டை உதிர்க்கிற காட்டு மரம்.

“ஸ்வீடன் பட்டாளத்தோடது. அம்பது வருஷமா ஒருத்தனக்கூடச் சுட்டதில்ல” என்றார் மெர்ல்.

“அப்ப எங்க மாப்ளைக்கு அளவெடுத்துச் செஞ்சதுதான்” என்றான் கூட வந்திருந்த டெல்பர்ட்.

பட்டாளத்துத் துப்பாக்கி வேட்டைக்கு நீளம், பாரம். கிளேட்டன் அதைத் துணி வெளுக்கும் தொட்டியில் கொதிநீர் ஊற்றிப் பழுப்புக் கிரீஸ் போகக் கழுவினான். மேலே பொருத்தும் தொலைநோக்கிக்கு இடம்விட, தோட்டா ஏற்றப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சிக் கீழே வளைத்தான். குழலின் நுனிவரை ஓடிய கட்டையைப் பாதியில் அறுத்து, அரம் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வைத்தான். விடிந்து பார்த்தால் கட்டை மறுபடி நுனிவரை இருந்தது, இரண்டு இலைகளோடு. ஆலையில் வேலை செய்கிறவன் அளவைத்தான் முதலில் சந்தேகிப்பான். நாடாவை வைத்து அளந்து மறுபடி அறுத்தான். அது மறுபடி வளர்ந்தது. மெர்லிடம் கொண்டுபோனான். “துப்பாக்கி வாங்கின, மரம் சும்மா கெடச்சிருக்கு. கம்முனு போ” என்றார் அவர். அறுத்த துண்டுகளை ஆர்வில்லா அடுப்பில் வைத்தாள். “நல்லா எரியுது, நிறுத்தாத” என்றாள். “ஆனா இந்த வருஷமாவது சட்ட முழுசா வீடு வந்து சேரணும். பதினேழு சட்டைக்கு ஒட்டுப் போட்டாச்சு.”

ஞாயிறு மாலை பதினோராவது தடவை அறுத்தான். திங்கள் விடிந்தபோது கட்டை குழலைத் தாண்டிக் கிளைவிட்டுக் கொட்டை காய்த்திருந்தது. தொலைநோக்கியில் இலைதான் தெரிந்தது. அவன் காட்டில் தன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பத்துக் கிளைக் கொம்புள்ள ஒரு கடா மான் நேராக நடந்துவந்து குழலின் நுனியிலிருந்து கொட்டை தின்னத் தொடங்கியது. பதினேழு துணிக்கும் பதில் அவன் விரலுக்கு அடியில் இருந்தது. கண்ணில்லாதவனும் தவறவிட மாட்டான். மான் மெல்லுகிற சத்தம் கேட்டது, வேறு சத்தமே இல்லை. மதியம்வரை அவன் விசையைத் தொடவில்லை. பசித்ததும் எழுந்து நடந்தான். மான் பின்னாலேயே வந்தது.

குடில் வாசலில் துப்பாக்கியைப் பனியில் ஊன்றிவிட்டு அவன் படியேறி வந்தான். மான் அங்கேயே நின்று தின்றது.

“ஏன் சுடல?” என்றான் டெல்பர்ட்.

“கையிலேர்ந்து தின்னுக்கிட்டிருக்கு மச்சான். எப்படிச் சுடறது?”

டெல்பர்ட் தன் துப்பாக்கியை எடுத்துப் பதினைந்தடி தூரத்தில் குறிவைத்துச் சுட்டான். விறகுக் குவியலில் ஒரு கட்டை துள்ளி விழுந்தது. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மிச்சக் கொட்டையையும் தின்று முடித்துக் காட்டுக்குள் போனது. நான் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன்.

“மச்சான், சட்டைய வெளிய எடு” என்றான் கிளேட்டன்.

“கிளை மறைச்சிருச்சுடா.”

“துணில அதையும் எழுதிக்கலாம்.”

கிளேட்டன் சுடவே இல்லை. சுடாதவன் தவறவிட்டவன் ஆகமாட்டான் என்று ஐந்து பேரும் ஒப்புக்கொண்டோம். முழுச் சட்டையோடு அவன் வீடு போனான். ஊன்றிய துப்பாக்கியைப் பிடுங்க முடியவில்லை, வேர் விட்டிருந்தது.

மெர்ல் கடையை மூடிவிட்டு ஃபுளோரிடா போனார். ஆர்வில்லா அந்தச் சட்டையைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. டெல்பர்ட் அடுத்த வருஷம் தானாகவே கரண்டியை எடுத்துக்கொண்டான். அவரைக்கொட்டை சூப் சுமாராக வைப்பான். கிளேட்டன் இன்னும் இருபத்திரண்டு திங்கட்கிழமைகள் வெறுங்கையோடு காட்டில் உட்கார்ந்திருந்து, ஒரு மார்ச் மாதம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தான். மரம் இப்போது கூரையைவிட உயரம். பட்டை குழலை விழுங்கிவிட்டது. வளைத்த கைப்பிடி மட்டும் நெஞ்சு உயரத்தில் வெளியே நிற்கிறது, அதில் கோட்டை மாட்டுவோம். வேட்டை தொடங்கும் அன்று மான்கள் அதனடியில் வரும். அவை தின்றது போக மீதியை நாங்கள் வறுத்துத் தின்கிறோம். லேசாகக் கிரீஸ் வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.