வடித்த தண்ணீர்

கருத்தையாவுக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம். அது சொன்னது பலித்துவிட்டதே, அதனால்தான்.

அவர் ஆடு வளர்க்கிறவர். எந்த வெள்ளாடு என்றைக்குக் குட்டி போடும், மேகம் புதூரைத் தாண்டி வருமா வராதா என்று அவரும் முன்கூட்டியே சொல்வார். பாதிக்குமேல் தப்பாகிப் போகும். மனுஷன் அசரமாட்டார், அடுத்ததைச் சொல்லப் போய்விடுவார். சர்க்கரை வியாதி சிறுநீரகம் இரண்டையும் அரித்துவிட்டதால், மாதம் ஒருதடவை பெண்சாதியோடு பஸ் ஏறிக் கோவில்பட்டியில் உள்ள கிட்னி ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறார். போன மாதம் அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்திருந்தது. நர்ஸ் கிருஷ்ணப்ரியா அவருடைய வயசு, சர்க்கரை, பழைய ரத்த முடிவு, தின்கிற மாத்திரை எல்லாவற்றையும் அதில் தட்டினாள். திரை சிவப்பாகிவிட்டது.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு மாசத்துல உங்க ரத்தத்துல பொட்டாசியம் கூடும்னு சொல்லுது."

"பருத்திக்குப் போடுத பொட்டாஷ் உரமா?"

"அதே சரக்குதான். காய், கீரை, பழம் எல்லாத்துலயும் இருக்கு. நல்ல கிட்னின்னா வேண்டாததை வெளிய தள்ளிரும். உங்களுதுக்கு அந்தத் தெம்பு இல்ல. அளவுக்கு மேல தங்கிட்டா, சொல்லாமக் கொள்ளாம இருதயம் நின்னுரும்."

கருத்தையா சிரித்தார். "என் ரத்தத்தப் பத்தி இதுக்கு என்னம்மா தெரியும்? கூடவே இருந்து பாத்துச்சாக்கும்."

இந்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது. டாக்டர் அவசரமாக ஈசிஜி எடுக்கச் சொன்னார். பொட்டாசியத்தை இறக்க ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

"ஐயா, உங்க கிட்னிக்குக் காவலா ஒரு மாத்திரை குடுக்கிறேனே, அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏத்தும். பத்து நாள் கழிச்சும் இப்படியே இருந்தா அதை நிறுத்தத்தான் வேணும். நிறுத்தினா டயாலிசிஸ் சீக்கிரமே வந்திரும்."

டயாலிசிஸ் என்றால் வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு படுத்துக் கிடக்கவேண்டும். ஆட்டை யார் பார்ப்பது? இளநீர், வாழைப்பழம் எதையும் தொடுவதில்லை என்று கருத்தையா சத்தியம் செய்தார். அது பொய்யும் இல்லை. காய்கறியைக்கூட நர்ஸ் சொன்னபடி பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, வடித்துத்தான் பெண்சாதி வெள்ளைத்தாய் போடுகிறாள். கருத்தையாவுக்கு வெள்ளைத்தாயைப் பார்த்து முடித்துவைத்த பெரியவர்கள் குசும்பு பிடித்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். அவளும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப எதனால கூடுச்சாம்? அதையும் அதுகிட்டயே கேளும்மா," என்றார் நர்ஸிடம்.

"கூடும்னுதான் அதுக்குச் சொல்லத் தெரியும், அண்ணாச்சி. உங்க விஷயத்துல எதனாலன்னு தெரியாது."

கருத்தையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாதா? சரி, அப்ப நான் கண்டுபிடிக்கேன்."

அன்றையிலிருந்து மனுஷனுக்கு வேறு சோலியே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த பொட்டாஷ் சாக்கை முதுகில் சுமந்துகொண்டுபோய்ப் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போட்டார். பல்பொடியை மோந்து பார்த்தார். டீக்கடையில் டீத்தூளைக் கையில் வாங்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஆட்டை மச்சினன் நந்தகோபாலிடம் ஒப்படைத்துவிட்டு, அடுப்பங்கரை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்பளைக்கு இங்கன என்ன வேல?" என்றாள் வெள்ளைத்தாய்.

"நீ பாட்டுக்குச் செய். நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

அவள் முருங்கைக்கீரையையும் உருளைக்கிழங்கையும் அவித்தாள். தட்டை வைத்து மூடித் தண்ணீரை வடித்தாள். பச்சை நிறத்தில் தண்ணீர் இன்னொரு சட்டியில் விழுந்தது. அதில் புளியைக் கரைத்து விட்டாள், மிளகையும் பூண்டையும் தட்டிப் போட்டாள். நுரை கட்டி வந்ததும் இறக்கினாள். கருத்தையாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உப்பும் குறைத்து உறைப்பும் குறைத்துச் சக்கையைத் தின்று கிடக்கிறவருக்கு ராத்திரி கிடைக்கிற அந்த ரசம் ஒன்றுதான் வாய்க்கு விளங்குகிற பண்டம். தினமும் இரண்டு தம்ளர் குடிப்பார்.

"ஏட்டி, அது என்ன தண்ணி?"

"காய் அவிச்ச தண்ணி."

"அதுலயா தெனமும் ரசம் வைக்கே?"

"பின்ன? சக்கைய உங்களுக்குப் போட்டுட்டுச் சத்தயெல்லாம் கீழ கொட்டச் சொல்லுதீங்களா? இதக் குடிச்சுத்தான் ஏதோ நடமாடுதீங்க."

அவள் கரிசல்காட்டுக்காரி. கை கழுவுகிற தண்ணீரையும் வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு விடுகிறவள். வடிக்கச் சொன்னார்கள், வடித்தாள். வடித்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தோன்றவும் இல்லை.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கருத்தையாவுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. காயில் உள்ள பொட்டாசியமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கிக் கிடக்கிறது என்று சொன்னதும் வெள்ளைத்தாய் கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயா உங்களுக்கு வெசத்த ஊத்திக் குடுத்தேன்?"

"கிறுக்கி, ரெண்டாவது தம்ளரு நாந்தான கேட்டு வாங்கிக் குடிச்சேன்," என்றார். அவள் அழுகை நிற்கவில்லை. அவரே சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தார். வாசனை மூக்கைத் துளைத்தது. அவருக்கும் அழுகை வரும்போல இருந்தது.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது பொட்டாசியம் இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருஷ்ணப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன மாத்துனீங்க அண்ணாச்சி? சொன்னா இதுல ஏத்தி வச்சிருவேன்."

வராண்டா நிறையச் சனம். கருத்தையா பெண்சாதியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இத்தனை பேருக்கு முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணுமில்ல தாயி. வீட்டுக்குத் தெரியாம ஊர் பஸ் ஸ்டாப்புல தெனமும் எளநி குடிச்சிட்டுக் கெடந்தேன். இப்ப விட்டுட்டேன்."

கிருஷ்ணப்ரியா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் திருடன் மாதிரிச் சிரித்துக்கொண்டே அத்தனையும் வாங்கிக்கொண்டார். அவள் 'இளநீர்' என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஆள் கடற்கரை என்கிறவர். முகம் வீங்கிப் போய், பெண்சாதி தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரை சிவப்பாகிவிட்டது. அவர் பெண்சாதி நர்ஸிடம் பதறினாள்.

"நீங்க சொன்னபடி எல்லாத்தையும் அவிச்சு வடிச்சுத்தான நர்சம்மா போடுதேன்!"

வாசல்வரை போய்விட்ட வெள்ளைத்தாய் நின்றாள். கருத்தையா "வாட்டி, பஸ் போயிரும்" என்று கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இவிய எளநியும் குடிக்கல, ஒண்ணும் குடிக்கல நர்சம்மா. என்னக் காப்பாத்தப் பொய் சொல்லுதாவ," என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "தாயி, வடிச்ச தண்ணிய என்ன செய்யுதே?"

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். "என்ன செய்வாவ? ரசந்தான் வைப்பேன்."

"நான் பருப்புல ஊத்திருவேன்," என்றது பின்னால் பெஞ்சியிலிருந்து ஒரு குரல். "கொழம்புக்கு ஆவும்லா," என்றாள் இன்னொருத்தி.

கிருஷ்ணப்ரியா தட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள்.

வெள்ளைத்தாய் கடற்கரையின் பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ கொட்டிரு தாயி," என்றாள்.